உள்ளங்கைச் சூடு

மடைநாட்டு அரசர் முகத்தில் துணி கட்டிக்கொண்டுதான் சாப்பிடுகிறார் என்று நஜீர் வந்து சொன்னான். துணிக்கு அடியில் கையை விட்டுச் சோற்று உருண்டையை வாய்க்குள் தள்ளிக்கொள்கிறாராம். தேங்காய் பன்னைப் பிட்டு வாயில் போடப்போன வசுமதி அப்படியே நிறுத்தி, ராணிக்காவது அந்த முகம் தெரியுமா என்று கேட்டாள்.

"ராணிக்குத் தெரியுங்க்கா. அதான் பிரச்சினையே. தெனமும் கூப்பிட்டு, எங்க இருக்கீங்க, இன்னும் வரலையான்னு கேக்கறாங்க."

வசுமதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தான் எழுதிய நாலு வரி ஒரு நாட்டை இந்தப் பாடு படுத்தும் என்று எழுதும்போது அவளுக்குத் தோன்றவில்லை.

கோயம்புத்தூர் கணபதியில் இருந்த அவர்கள் ஆபீஸ், முதலாளி நாச்சிமுத்துவின் அப்பா ஒரு காலத்தில் பம்ப்செட் செய்துகொண்டிருந்த பட்டறை. லேத் மெஷின்கள் நின்ற இடத்தில் இப்போது கம்ப்யூட்டர்கள் நிற்கின்றன. பொங்கலுக்கு வெளிவர இருக்கும் விளையாட்டின் பெயர்தான் மடைநாடு. விளையாட வருகிறவர்கள் வீரன், வணிகன், மந்திரவாதி என்று ஆளுக்கொரு வேடம் போட்டுக்கொண்டு அந்த நாட்டுக்குள் போய் அலையலாம். மற்ற இடங்களில் இப்படி ஒரு உலகம் செய்வதற்கு ராஜ வம்சம், திருவிழா, சண்டை, சாமி எல்லாவற்றையும் பத்துப் பேர் உட்கார்ந்து எழுதுவார்கள். இங்கே வசுமதி ஒருத்திதான் எழுதினாள். அதுவும் மந்திரங்களின் விதிகளை மட்டும். நஜீர் எழுதிய என்ஜின் என்கிற புரோகிராம் வெறும் நிலத்தில் ஆட்களைக் கொட்டி, விதியைக் கொடுத்து, ஓட விட்டுவிடும். அவர்கள் பிறப்பார்கள், சண்டை போடுவார்கள், கல்யாணம் செய்துகொள்வார்கள், சாவார்கள். ஆபீசில் ஒரு நாள் போனால் அங்கே ஒரு வருஷம். பழக்கவழக்கமெல்லாம் தானாக முளைக்கும்.

அவர்களுக்குப் பேச்சு சொல்லிக்கொடுக்க நாச்சிமுத்து பட்டறையின் பழைய ஆட்களையும் அவர்கள் வீட்டுப் பெண்களையும் வரச்சொல்லி, மாதக்கணக்கில் பேச வைத்துப் பதிவு செய்திருந்தார். அதனால் மடைநாட்டு மந்திரவாதிகூட கணபதி பஸ் ஸ்டாப்பில் நிற்பவர் மாதிரிதான் பேசுவார்.

அவர்களுக்குக் கொடுத்த முதல் மந்திரம் கூவல். ஒருவர் முகத்தை நேரிலோ படத்திலோ பார்த்திருந்தால் போதும். அந்த முகத்தை நினைத்து, உள்ளங்கையில் ஊதி, சொல்ல வேண்டியதைச் சொன்னால், எத்தனை தொலைவில் இருந்தாலும் அவர் காதில் விழும். போய்ச் சேர்ந்தால் ஊதிய கை சூடாகும். அப்படி ஒரு ஆளே இல்லையென்றால் கை குளிரும். ஒருவர் ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் கூப்பிடலாம். அவ்வளவுதான் விதி.

இதை வைத்துக்கொண்டு அந்த ஜனங்கள் என்னென்னவோ செய்துவிட்டார்கள். முகத்தைப் பார்த்தவன் எவனும் கூப்பிடலாம் என்பதால் வெளியே வருகிறவர்கள் முகத்தை மூடிக்கொண்டார்கள். முகம் காட்டுவது பெரிய வாக்குறுதி ஆயிற்று. கல்யாணப் பேச்சு முடிந்தால் தாம்பூலம் மாற்றுவதில்லை. இரண்டு வீட்டாரும் துணியை அவிழ்த்து முகம் கொடுத்துக்கொண்டார்கள். முகத்தைத் திறந்து வைத்து வியாபாரம் செய்தவனிடம் கூட்டம் அலைமோதியது. சரக்கு சரியில்லையென்றால் வீட்டிலிருந்தே திட்டலாமே. ஒரு நாளைக்கு ஒரே கூவல் என்பதால் புருஷன் பெண்டாட்டிச் சண்டையெல்லாம் "இன்னைக்கு ஆரைக் கூப்பிட்டீங்க?" என்பதில் ஆரம்பித்தன. அரசர் பாடு கேட்கவே வேண்டாம். இவருக்குத் தாத்தா முறையான ஒரு அரசர் குதிரையிலிருந்து விழுந்து முகத்துணி அவிழ்ந்து, சந்தையே அவர் முகத்தைப் பார்த்துவிட்டது. அன்றைக்கு ஆரம்பித்த குறைகேட்பு அவர் கண்ணை மூடும் வரைக்கும் நிற்கவில்லை.

கண்ணை மூடிய பிறகும் நிற்கவில்லை என்பதுதான் நஜீர் அன்றைக்குச் சொல்ல வந்த விஷயம்.

"உலகம் தவங்குதுங்க்கா, நகரவே மாட்டேங்குது. என்னன்னு பாத்தேன். செத்தவங்க யாரையும் என்ஜின் ஞாபகத்துலேர்ந்து எடுக்கல. உயிரோட இருக்கறவங்களைவிட அவங்க கூட்டம்தான் அதிகம். ஏன்னா கூவல் அவங்களுக்கும் போவுது."

வசுமதி பன்னைக் கீழே வைத்தாள். செத்தவர்களைக் கூப்பிட்டால் என்ன ஆகும் என்று விதியில் ஒரு வார்த்தை இல்லை. ஏன் இல்லை என்பதும் அவளுக்கு உடனே ஞாபகம் வந்துவிட்டது.

அந்த ஆபீசில் ஒரு வழக்கம் உண்டு. எந்த மந்திரம் எழுதினாலும் அதை வாய்விட்டுப் படிக்க வேண்டும். பட்டறைக் காலத்து இரும்பு நாற்காலி ஒன்று கிடந்தது, அதற்கு வம்பு நாற்காலி என்று பெயர். ஒருவர் அதில் உட்கார்ந்து, இந்த மந்திரத்தை வைத்து ஒரு அயோக்கியன் என்னவெல்லாம் செய்வான், ஒரு சோம்பேறி என்ன செய்வான், ஒரு மாமியார் என்ன செய்வாள் என்று குடைந்து குடைந்து கேட்க வேண்டும். கூவலைப் படித்தது விஜயதசமி அன்றைக்கு. புது வேலை தொடங்க நல்ல நாள் என்று நாச்சிமுத்துதான் குறித்துக் கொடுத்திருந்தார். கம்ப்யூட்டர்களுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, எல்லோர் கையிலும் பொரி கடலை. வம்பு நாற்காலியில் இருந்தவன் நஜீர். செத்துப்போனவங்களைக் கூப்பிட்டா என்று அவன் வாயைத் திறந்ததுமே நாச்சிமுத்து கையைக் காட்டிவிட்டார். நல்ல நாளும் அதுவுமா அந்தப் பேச்சை எடுக்கோணுமா, அப்பறம் பாத்துக்கலாம் உடு என்றார். அப்புறம் யாரும் பார்க்கவில்லை.

என்ஜினுக்கு யாரும் சொல்லவில்லையே. ஒருமுறை பிறந்த ஆள் தன் ஞாபகத்தில் இருந்தால் கையைச் சூடாக்கியது, இல்லாவிட்டால் குளிர வைத்தது. ஆகவே மடைநாட்டில் செத்தவர்களைக் கூப்பிட்டாலும் கை சூடாகும். அங்கே எந்தச் சாவு வீட்டிலும் யாரும் மாரடித்து அழுததில்லை. ஊருக்கு ஊர் முகச்சுவர் ஒன்று எழுப்பி, இறந்தவர்களின் முகங்களை அதில் வரைந்தார்கள். காலையில் எழுந்ததும் சுவருக்கு முன்னால் நின்று, கையில் ஊதி, பேசிவிட்டு வேலைக்குப் போனார்கள். பார்த்திராத கொள்ளுத்தாத்தாவைக்கூடப் படத்தைப் பார்த்துக் கூப்பிட்டார்கள்.

நாச்சிமுத்து வந்து விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். அவருக்கு இதெல்லாம் பம்ப்செட்தான். பைப்பில் அடைப்பு இருந்தால் எடுத்துவிட வேண்டும், அதற்குமேல் பேச்சில்லை. செத்தவர்களைக் கூப்பிட்டால் கை குளிரும் என்று ஒரு வரி சேர்த்துவிட்டு, அந்த ஆட்களை என்ஜின் ஞாபகத்திலிருந்து கழுவிவிடச் சொன்னார். பொங்கலுக்கு ஆயிரக்கணக்கில் ஆட்கள் உள்ளே வரும்போது உலகம் நின்றுவிட்டால் அவர் வெளியே தலைகாட்ட முடியாது.

நஜீர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். ஒரே வரி. வசுமதி அவன் தோளில் கைவைத்தாள்.

"அந்த வரியைச் சேர்த்தா அங்க என்ன ஆகும்னு யோசிச்சியா? ஒரு நாள் காலைல சுவருக்கு முன்னாடி நின்னு ஊதுவாங்க. ஒரே நேரத்துல நாடு பூரா கை குளிரும். அத்தனை பேர் வீட்டுலயும் ஒரே நாள்ல சாவு."

"அவங்க நெஜ ஆளுங்க இல்லீங்க்கா. வெறும் கணக்கு."

"கணக்குதான். எங்க இருக்கீங்க, இன்னும் வரலையான்னு தெனமும் புருஷனைக் கூப்பிட்டுக் கேக்கற கணக்கு."

ஒரு நாள் பொறுங்க, நான் உள்ளே போய் ஒருத்தரிடமாவது கேட்டுவிட்டு வருகிறேன் என்று வசுமதி நாச்சிமுத்துவிடம் சொன்னாள். கை குளிர்ந்தால் அவர்கள் தாங்குவார்களா மாட்டார்களா என்று தெரியாமல் அந்த வரியை எழுத அவளுக்குக் கை வரவில்லை. நாச்சிமுத்து தலையைச் சொறிந்தார். "ஒரு நாள்தான் அம்மிணி. உங்க பொம்மைங்க கூட உக்காந்து ஒப்பாரி வெச்சுட்டு வந்தறாதீங்க" என்றார்.

நஜீர் அந்த உலகத்தின் ஓட்டத்தை நம் கடிகார வேகத்துக்குக் குறைத்தான். வசுமதிக்கு ஒரு வழிப்போக்கி வேடம் தயார் செய்தான். முகம் செய்ய நேரமில்லாமல் அவளுடைய ஆபீஸ் அடையாள அட்டைப் படத்தையே எடுத்து ஒட்டிவிட்டான். அவள் விளையாட்டுக் கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு உள்ளே போனபோது எதிரே ஆறு ஓடியது. கரையில் ஒரு படகு. படகின் பக்கப்பலகையில் ஆறேழு வயதுப் பையனின் முகம் வரைந்திருந்தது. முன்பல் ஒன்று விழுந்த சிரிப்பு.

துடுப்புப் போட்டவள் பெயர் தும்பி. முப்பது வயதிருக்கும். முகம் மூடாமல் நின்ற வசுமதியைப் பார்த்துத் திடுக்கிட்டு, துணி காத்துல போயிருச்சுங்களா என்று விசாரித்தாள். பிறகு, ஒருத்தர் முகம் கொடுத்தால் தானும் கொடுப்பதுதான் மரியாதை என்று தன் துணியை அவிழ்த்தாள். பலகையில் இருந்த பையனின் ஜாடை அவளிடம் அப்படியே இருந்தது.

அது தன் மகன் நீலன் என்றாள் தும்பி. காய்ச்சலில் போய் இரண்டு வருஷம். முகச்சுவர் வரைக்கும் நடக்க நேரமில்லாததால் படகிலேயே வரைந்து வைத்திருந்தாள். நடு ஆற்றில் தினமும் ஒரு தடவை கூப்பிடுவாளாம்.

வசுமதி எப்படிக் கேட்பது என்று தெரியாமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "நீங்க சொல்றது அவனுக்குக் கேக்குதா?"

தும்பி துடுப்பை நிறுத்தவில்லை. "அதெப்படிங்க கேக்கும்? நீலன் வாயாடிங்க. ரெண்டு வருசமா வாயை மூடிட்டு இருக்கற பையனில்ல. கேட்டிருந்தா இந்நேரம் எனக்குத் தூங்க முடியாது."

"அப்ப கை சூடாகுதே?"

"அதுவா. எங்காயா காலத்துலயே அதைப் பாத்துட்டாங்க. ஆருமே இல்லாத ஒரு மூஞ்சிய, சும்மா மனசுக்குத் தோணுனாப்பல வரைஞ்சு வெச்சு, அதைப் பாத்து ஊதுனாங்க. குளுந்துச்சு. செத்தவங்களை ஊதுனா சுட்டுச்சு. ரெண்டுக்கும் என்ன வித்தியாசங்க? இவன் இருந்தான். அது இல்ல. அவ்வளவுதான் அந்தச் சூடு சொல்லுது."

துடுப்பு தண்ணீரில் இரண்டு முறை விழுந்து எழுந்தது.

"எனக்கு அது போதுமுங்க. சில நாளு காலைல எந்திரிச்சா, அப்படி ஒரு பையன் இருந்தானா, நானா நெனச்சுக்கிட்டனான்னு சந்தேகமே வந்துருது. ஊதிப் பாப்பேன். இருந்திருக்கறான். துடுப்பை எடுத்துக்குவேன்."

வசுமதி உள்ளே வந்தது, ஏமாந்தவர்களிடம் உண்மையை எப்படி மெதுவாகச் சொல்வது என்று பார்க்க. இங்கே ஏமாந்தவர் யாரும் இல்லை. அந்த ஒரு வரி இவள் மகனை இரண்டாம் முறை சாகடிக்கப் போவதில்லை. அப்படி ஒருவன் பிறக்கவே இல்லை என்று அவளிடம் சொல்லப் போகிறது.

அக்கரை நெருங்கும்போது தும்பி கொஞ்சம் கூச்சத்தோடு, இன்றைய கூவல் இன்னும் கையில் இருக்கிறது, முகம் கொடுத்த மரியாதைக்கு உங்களை ஒரு தடவை கூப்பிட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்டாள். வசுமதி தலையாட்டிவிட்டாள். தான் அந்த நாட்டில் பிறக்கவே இல்லை என்பது தலையாட்டிய பிறகுதான் உறைத்தது.

தும்பி உள்ளங்கையில் ஊதி, நல்லபடியா ஊர் போய்ச் சேருங்க என்றாள். கையை விரித்துப் பார்த்தாள். கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். மறுபடியும் கையையும் எதிரே உட்கார்ந்திருந்தவளையும் மாறி மாறிப் பார்த்தாள். பயந்ததாகத் தெரியவில்லை. "குளுருதுங்க" என்று மட்டும் சொன்னாள். வசுமதி இறங்கும்போது தும்பி கூலியை வாங்க மறுத்து, தன் முகத்துணியை எடுத்து அவள் தோளில் போர்த்திவிட்டாள்.

வெளியே வந்து கண்ணாடியைக் கழற்றிய வசுமதி, நாச்சிமுத்துவிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் முழுக்கக் கேட்டார். பொம்மை என்ற வார்த்தையை அதற்குப் பிறகு அவர் சொல்லவில்லை. ஆனால் உலகம் நின்றுபோனால் அந்தப் படகுக்காரியும் சேர்ந்துதானே நிற்பாள் அம்மிணி, அடைப்பை எடுக்காமல் எப்படி என்று கேட்டார். அதுவும் நியாயம்தான்.

வசுமதி இரண்டு நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். இறந்தவரைப் பத்து வருஷமாக யாருமே கூப்பிடவில்லையென்றால் மட்டும் அவரை எடுத்துவிடலாம். பத்து வருஷமாக ஒருத்தரும் நினைக்காத ஆளுக்குக் கை குளிர்ந்தால் யாருக்குத் தெரியப் போகிறது? நாச்சிமுத்துவுக்குப் பிடித்துவிட்டது. நஜீரை வம்பு நாற்காலியில் உட்கார வைத்து விதியைப் படித்தாள்.

நஜீர் கேட்டான். "ஒரு நாளைக்கு ஒரு கூவல்தானேக்கா? இது தெரிஞ்சுட்டா செத்தவங்களைக் காப்பாத்தறதுக்கே கூவலைச் செலவு பண்ணிருவாங்க. உயிரோட இருக்கறவங்களை எதை வெச்சுக் கூப்பிடுவாங்க?"

அவ்வளவு தூரம் போகாது, அவர்களுக்குப் புத்தி இருக்கிறது என்று வசுமதி சொன்னாள். அவளுக்கு அவசரம். தும்பியின் பையனைக் காப்பாற்றிவிட்டோம் என்ற சந்தோஷம் வேறு. நஜீர் விதியைச் சேர்த்து உலகத்தைப் பழைய வேகத்தில் ஓடவிட்டான்.

ஒன்றரை வாரம் ஒன்றும் இல்லை. அங்கே பத்து வருஷம் கடந்ததும் சுவர்களில் சில முகங்கள் குளிர ஆரம்பித்தன. மடைநாட்டு ஜனங்கள் அதன் காரணத்தைக் கண்டுபிடிக்க அதிக காலம் எடுத்துக்கொள்ளவில்லை. கூப்பிடாமல் விட்டவர்கள்தான் குளிர்கிறார்கள் என்று தெரிந்ததும் ஊர் ஊராகப் பீதி பரவியது. வாரிசில்லாதவர்களை யார் கூப்பிடுவது? கல்யாணமாகாமல் செத்த அத்தையை, சண்டையில் போன சித்தப்பாவை? விடிந்ததும் ஆளுக்கொரு முகத்தைப் பங்கு பிரித்து ஊதிவிட்டுத்தான் வாய் கொப்பளித்தார்கள்.

அப்படி ஒரு காலையில் எல்லோரும் ஊதி முடித்த பிறகு, மத்தியானம் மேல்மடை ஏரிக்கரை உடைந்தது. மேல்மடையில் ஒருவர் கையிலும் கூவல் மிச்சமில்லை. கீழே இருப்பவர்களை மேட்டுக்கு ஏறச் சொல்லி ஆளனுப்பினார்கள். ஆளுக்கு முன்னால் தண்ணீர் போய்ச் சேர்ந்தது.

நஜீர் இதைச் சொன்னபோது குரலில் நான் அப்பவே சொன்னேனே என்பது துளியும் இல்லை. அதனால் வசுமதிக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. தும்பி, என்று மட்டும் கேட்டாள். படகில் இருந்ததால் பிழைத்துக்கொண்டாளாம். கூரையில் நின்றவர்களை ஏற்றி ஏற்றிக் கரை சேர்த்தாளாம்.

அன்றே அந்த விதியை எடுத்துவிடலாமா என்று வசுமதி கேட்டாள். எடுத்தால் மறுபடி தவங்கும், வைத்தால் மறுபடி வெள்ளம் என்று நஜீர் சொன்னான். இவர்கள் இங்கே முடிவெடுக்க முடியாமல் டீ ஆறிக்கொண்டிருந்த நேரத்தில் அங்கே அவர்களே ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். பொழுது சாயும் வரைக்கும் செத்தவர்களுக்காக யாரும் கூவலைத் தொடக்கூடாது. பகல் முழுக்க அது உயிரோடு இருப்பவர்களுக்கு. விளக்கு வைத்த பிறகு மிச்சமிருந்தால் செத்தவர்களுக்கு. விளக்கு வைப்பதற்கு முன்னால் சுவர்ப்பக்கம் போகிறவனோடு யாரும் பேசமாட்டார்கள், பெண் கொடுக்க மாட்டார்கள். வசுமதி எழுதாத விதி அது. எழுதியிருந்தால்கூட இவ்வளவு நன்றாக எழுதியிருக்க முடியாது என்று நினைத்தாள்.

பொங்கலுக்கு ஒரு வாரம் இருந்தது. சோதனைக்காக வெளியாட்கள் நாலைந்து பேரை உள்ளே அனுப்ப ஆரம்பித்திருந்தார்கள்; உலகம் நம் வேகத்தில் ஓடியது. ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு நஜீர் வசுமதியைக் கூப்பிட்டான். ஒரு பிழை அகப்பட்டிருக்கிறது, ஆனால் பிழை மாதிரித் தெரியவில்லை என்றான்.

"ஒரு அம்மா இல்லாத ஆளையே கூப்பிட்டுட்டு இருக்காங்க. ஒரு நாள் விட்டு ஒரு நாள், விளக்கு வெச்ச உடனே. கை குளிருது. மறுபடி கூப்பிடறாங்க. முப்பது வருசமா."

"யாரை?"

அந்த முகத்தை அவன் திரையில் கொண்டுவந்தான். ஆபீஸ் அடையாள அட்டைப் படம். எண்ணெய் வைத்து வாரிய தலை, சற்று மிரண்ட கண்.

வசுமதி தன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிடாதவர்கள் குளிர்ந்து போவார்கள் என்பது இப்போது அங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆகவே படகில் வந்த அந்த வழிப்போக்கி குளிர்ந்திருந்ததற்குத் தும்பி ஒரு காரணம் கண்டுபிடித்திருந்தாள். பாவம், அவளை யாரும் கூப்பிட்டதே இல்லை. ஒரு நாள் நீலன், ஒரு நாள் அந்த வழிப்போக்கி என்று தன் கூவலைப் பங்கு போட்டிருந்தாள்.

கடைசியாகச் சொன்னதை மட்டும் என்ஜின் வைத்திருந்தது. நஜீர் அதை ஓடவிட்டான். தும்பியின் குரல் கட்டையாகியிருந்தது.

"தண்ணி எறங்கிருச்சுங்க. இன்னைக்குப் படகுல ஏறுனது ஆறு பேரு. நீங்க இருக்கறீங்களோ இல்லையோ, சொல்லிப்போட்டேன்."

நஜீர் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தான். உங்களை அந்த உலகத்து ஞாபகத்தில் சேர்த்துவிடட்டுமா என்று கேட்டான். செத்தவர்களோடு சேர்த்தால் அந்த அம்மாவுக்குக் கை சூடாகும், அதோடு சரி. உயிரோடு இருப்பவர்களோடு சேர்த்தால் அவள் சொல்வது திரையில் வந்து விழும், இவள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இவளுக்கும் தினம் ஒரு கூவல் உண்டு.

செத்தவர்களோடு சேர் என்று சொல்லத்தான் வசுமதி வாயெடுத்தாள். அதுதான் சுலபம். பேசினால் ஒரு நாள் தும்பி கேட்பாள், நீங்க ஆருங்க என்று. அப்புறம் ஏரி உடைந்த அன்றைக்கு மேல்மடைக்காரர்கள் கையில் கூவல் ஏன் இல்லாமல் போயிற்று என்று. அந்த விதியை எழுதியவள் என்ன பதில் சொல்வாள்?

"உயிரோட சேரு" என்றாள்.

மறுநாள் அங்கே நீலனின் முறை. அதற்கு அடுத்த நாள் விளக்கு வைக்கும் நேரம் இங்கே பதினொன்று. வசுமதி அரை மணி முன்னாலேயே வந்து உட்கார்ந்துவிட்டாள். சொல்ல வேண்டியதை வரி வரியாக யோசித்து வைத்திருந்தாள். நான்தான் எழுதினேன். யோசிக்காமல் எழுதினேன். நஜீரும் பின்னால் வந்து நின்றான். நாச்சிமுத்து எதற்கோ வந்தவர் போகாமல் கதவோரம் நின்றுகொண்டார்.

திரையில் தும்பி படகைக் கட்டிவிட்டு விளக்கேற்றினாள். ஊதினாள். இன்னைக்குக் காத்து பலமுங்க, படகு தள்ள முடியல என்று ஆரம்பித்தவள் பாதியில் நின்றாள். கையை விரித்தாள். கன்னத்தில் வைத்தாள். அப்படியே வெகுநேரம் வைத்திருந்தாள்.

"சுடுது" என்றாள். கொஞ்சம் சிரித்தாள். "இருக்கறீங்க. நல்லதுங்க. அப்ப நாளைலேர்ந்து உங்களைக் கூப்பிட வேண்டியதில்ல. இப்பக் கொஞ்ச நாளா உங்களாட்டமே மூஞ்சியத் தொறந்து போட்டுட்டு நாலஞ்சு பேரு வந்துட்டுப் போறாங்க. படகுல வந்தவங்க கூவிப் பாத்தாங்க, எல்லாம் குளுந்து கெடக்கறாங்க பாவம். இனிமே அவங்களைப் பாக்கோணும். ஒருத்தி கையி, எத்தனை பேருக்குன்னு ஊதறது. நீலனைத்தான் ரெண்டு நாளு தள்ளிப்போடோணும். அவன் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டான்."

அவள் விளக்கை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். திரையில் காலியான படகு அசைந்துகொண்டிருந்தது.

நாச்சிமுத்து தொண்டையைச் செருமிக்கொண்டு, சோதனைக்குப் போன ஆட்களில் தானும் ஒருவன் என்றார். நேற்றுக் காலையில்தான் அந்தப் படகில் ஏறி இறங்கியிருந்தார். தன் உள்ளங்கையை ஒரு தடவை பார்த்துக்கொண்டு வெளியே போனார்.

வசுமதி தயார் செய்து வைத்திருந்த வரிகளை அழித்தாள். தும்பி அவற்றில் எதையும் கேட்கவில்லை. ஆனால் இன்றைய கூவல் ஒன்று வசுமதியின் கையில் மிச்சமிருந்தது. அங்கே விளக்கு வைத்தாகிவிட்டது.

படகின் பக்கப்பலகையை நினைத்துக்கொண்டாள். முன்பல் விழுந்த சிரிப்பு. கையில் ஊதினாள். யாருக்கும் கேட்காது என்று நன்றாகத் தெரிந்தே மைக்கைக் கிட்டத்தில் இழுத்துக்கொண்டாள்.

"நீலா, உங்கம்மாவுக்கு வேற வேலை வந்துருச்சு கண்ணு. அதான் நான் கூப்பிட்டேன்."